கொதித்து ஆறிய தண்ணீர்

கடிக்கக் கூடாது, அவசரப்பட்டு விழுங்கக் கூடாது, ஒரே கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது, நாக்குக்கு அடியில் தள்ள வேண்டும், மேலண்ணத்தில் ஒட்டி எடுக்க வேண்டும், கரைந்து முடிவதற்குள் அடுத்த கட்டியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் ஜெபமலர் சொல்லியிருந்ததைச் செங்கோடன் ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தார். ஐம்பத்தொன்பது வயதில், காலை பத்து மணிக்கு, வாய் நிறைய ஐஸ் கட்டியோடு கண்ணாடி அறைக்குள் ஒரு லாரி டிரைவர். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். இன்றைக்கு ஏற்றப்போகிற மருந்து வாயை வேக வைத்துவிடுமாம், எச்சில்கூட விழுங்க முடியாதபடி புண்ணாகிவிடுமாம், வாய் ஜில்லென்று இருந்தால் அங்கே ரத்தம் குறைவாகத்தான் ஓடுமாம், ரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்தும் அவ்வளவாகப் போகாதாம். கேட்டபோது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கேயோ யாரோ ஒரு மனுசன், அல்லது ஒரு பொம்பளை, இந்த மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களின் வாயைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். பெரிய வியாதியை விட்டுவிட்டு, வாயைப் பற்றி. அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றியது, தோன்றியதும் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் அவருக்குக் கும்பிடு போட்டுப் பழக்கம் இல்லை. மறக்காமல் வைத்துக்கொள்ளத்தான் தெரியும். ஹூப்ளியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து இடம் மாறி உட்காரச் சொன்ன சர்வரின் மீசையைக்கூட அவரால் இன்றைக்கும் சொல்ல முடியும். ரிவர்ஸ் எடுக்கும்போது சிரித்த கிளீனர், தலைதீபாவளிக்கு மாமனார் கொடுத்த வேட்டியில் இருந்த துருக்கறை, எல்லாம் பத்திரமாக இருந்தன. முப்பத்தைந்து வருஷம் தனியாக ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு ராத்திரியில் தூக்கம் வராமல் இருக்கக் கோபத்தைப் போல ஒரு துணை கிடையாது, பீடியைவிட நல்லது, செலவும் இல்லை. ஆனால் இந்த அறைக்கு வந்து ஏழு நாளில் அதெல்லாம் கூப்பிட்டால்தான் வருகிறது. கூப்பிடாமல் வருவது வேறு. தரையை ஒரு நாளைக்கு மூன்று தரம் துடைக்கிற அந்தக் குள்ளமான அம்மா, துடைக்கும்போது கட்டிலின் காலைக்கூடத் தூக்கித் துடைக்கிறாளே, அது வருகிறது. கழுத்துக்குக் கீழே பதித்திருக்கும் குழாய், இனி நரம்பைத் தேடித் தேடிக் குத்த வேண்டாமே, அது வருகிறது. நேற்று வெந்நீரில் துவைத்துச் சூடாகவே கொண்டுவந்து போட்ட போர்வை வருகிறது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார், தடுக்கவும் தெம்பில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். பத்தரைக்கு மருந்து. இதுவரை ஐந்து நாளாக ஏறியது சின்ன மருந்து, அது அவரைக் கொஞ்சம் வாந்தி எடுக்க வைத்ததோடு சரி. இன்றைக்கு ஏறுவது பெரிய மருந்து. நேற்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிப் பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, நல்லி எலும்புல தட்டி உறிஞ்சுவீங்கல்ல, அந்த மஜ்ஜைலதான் ரத்தம் ஊறுது. உங்களோடது கெட்டுப்போச்சு. இந்த மருந்து அதைச் சுத்தமா அழிச்சிரும். நாளன்னைக்கு உங்க தம்பி ரத்தத்துல இருந்து விதையை எடுத்து உங்களுக்குள்ள விடுவோம், அது போய் எலும்புக்குள்ள உட்கார்ந்து முளைக்கும். ஆனா மருந்து உள்ள போயிட்டா நடுவுல திரும்பி வர வழி இல்லை. புரியுதுங்களா?" புரியாமல் என்ன. தோப்பூர்க் கணவாயில் இருபது டன்னோடு இறங்க ஆரம்பித்த வண்டி. பாதியில் மனசு மாறித் திருப்ப முடியாது. பிரேக் பிடித்தாலும் போச்சு, பிடிக்காவிட்டாலும் போச்சு. இறங்கித்தான் ஆக வேண்டும், கீழே ரோடு இருக்கிறது என்று நம்பி. ரோடு இருக்கிறது. ரோட்டின் பெயர் அர்த்தனாரி, கூடப் பிறந்த தம்பி. ஐஸ் பல்லில் பட்டுக் கூசியது, அதை இடப்பக்கம் தள்ளினார். நல்லி எலும்பு என்று டாக்டரம்மா சொன்னதும் நினைப்பு எங்கேயோ போய்விட்டது. மாசத்துக்கு ஒரு நாள் கறி எடுத்தால் சட்டியில் ஒரே ஒரு நல்லி எலும்பு கிடக்கும், அது எப்போதும் பெரியவன் தட்டுக்குத்தான் வரும். தட்டில் தட்டி, தட்டி, வாயை வைத்து உறிஞ்சும்போது எதிரில் தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள்கூடக் கேட்டது கிடையாது. இதை இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட நினைத்ததில்லையே. அடுத்தவன் செய்ததெல்லாம் இருக்கிறது, அடுத்தவன் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் எங்கே போயிற்று?

கொடுக்கிறவர் எந்த நிமிஷமும் வேண்டாம் என்று சொல்லலாம், நாங்கள் காரணம் கேட்க மாட்டோம், அது இங்கே முறை என்று கையெழுத்து வாங்கிய அன்றைக்கு வாசித்துக் காட்டினார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போடுவதற்குள் அந்த வரி மட்டும் காதில் தங்கிவிட்டது. எந்த நிமிஷமும். அப்படியென்றால் இன்றைக்குப் பதினொரு மணிக்கு, மருந்து ஏறி முடிந்த பிறகும். தம்பி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திருச்செங்கோட்டு வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. கை நீட்டி அடிக்க வேண்டாம், ஒரு வார்த்தை திட்ட வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் முகம் கொடுக்காத அண்ணனுக்கு, காரணம்கூடச் சொல்லத் தேவையில்லாத ஒரு பதில். செங்கோடனுக்கு அந்த வசதி நன்றாகத் தெரிந்தது. அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தார், பார்த்ததும் கழுத்துக்குக் கீழே குழாய் பதித்த இடம் குறுகுறுத்தது. நானாக இருந்தால்? அர்த்தனாரியின் மகள் கல்யாணத்துக்கு அவனும் அவன் பெண்டாட்டியும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலில் வந்து நின்றபோது இவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தார். எவ்வளவு நேரம் நின்றார்களோ. நியூஸ் முடிந்து விவசாய நிகழ்ச்சி வந்துவிட்டது. அப்புறம் கதவைத் திறந்து பார்த்தால் படியில் தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அதை அப்படியே மூன்று வீடு தள்ளி அவன் வாசல்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். சின்ன வேலையா அது? பார்த்துப் பார்த்துச் செய்தார். அப்படிச் செய்தவனுக்கு நாளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் பச்சைக் குழந்தையும் சொல்லும். கட்டி கரைந்து சவ்வரிசி அளவுக்கு ஆகியிருந்தது, அடுத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

என்ன கோபம், என்ன கோபம் என்று அக்கா பாவாயி நூறு தரம் கேட்டிருக்கிறாள், நூறு தரமும் ஒரே பதில்தான். அம்மா முகம். சித்திரை மாசம், இவர் நாக்பூரில் லோடுக்குக் காத்துக் கிடக்கும்போது புக்கிங் ஆபீஸ் போனில் சேதி வந்தது. நான் வரும் வரைக்கும் எடுத்துவிடாதீர்கள் என்று கத்திச் சொன்னார், அந்தப் பக்கம் அர்த்தனாரி சரி அண்ணா என்றான். அவர் காதால் கேட்டார், சரி அண்ணா. காலி வண்டியை எடுத்துக்கொண்டு கண்ணை மூடாமல் வந்து ஊரில் இறங்கினால் சுடுகாட்டில் பால் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பதுதான் முறை, அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முகம்? ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, நாலு பாளம் ஐஸ் வாங்கிச் சுற்றி அடுக்கித் தாக்காட்டி வைக்க முடியாதா என்று கேட்டார். அந்த இடத்திலேயே, மொட்டைத் தலையும் ஈரவேட்டியுமாக நின்ற தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "இனி உன்ற கைபட்ட பச்சத் தண்ணி என்ற தொண்டையில இறங்காது." சொன்னதைக் காப்பாற்றினார். ஊரில் நல்லது கெட்டதுக்குப் போனால், பந்தியில் உட்கார்ந்ததும் டம்ளரைத் தொடுவதற்கு முன்னால் "யாரு மொண்டது?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு அதுவே பேராகிவிட்டது, முதுகுக்குப் பின்னால் யாரு மொண்டது கவுண்டர் என்பார்கள், அதற்கும் சேர்த்து நாலு பேர் மேல் கோபம். அம்மாவுக்கு நீர் கோத்து உடம்பு ஊதிப் போயிருந்தது, மதியத்துக்கு மேல் தாங்கவில்லை, ஐஸுக்குச் சைக்கிளில் போனவன் அந்த வெயிலில் வெறுங்கையோடு திரும்பினான், கம்பெனியில் கரண்ட் இல்லையாம் என்று பாவாயி சொல்லித்தான் இருந்தாள், அதையும் நூறு தரம். அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டால் அப்புறம் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றுதான் தெரியவில்லை. அம்மாவுக்குப் போடாத மொட்டையை ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்து ஐந்து நிமிஷத்தில் போட்டுவிட்டார்கள். கையை வைத்துத் தலையைத் தடவினார். வழுவழுவென்று, யாரோ ஒருத்தர் தலை மாதிரி.

அந்தப் பாவாயிதான் இதையும் முடித்து வைத்தாள். ரத்தப் புற்றுநோய், கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது பொருந்துகிறதா பார்க்க வேண்டும் என்றதும், தன் கையை முதலில் நீட்டினாள், அவளுடையது பாதிதான் பொருந்தியது. அப்புறம் இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தாள். பத்துக்குப் பத்து என்று வந்தது. "கல்யாணத்துக்கு ஜாதகம் பாத்தாக்கூடப் பத்துப் பொருத்தமும் அமையாதுடா, உங்க ரெண்டு பேத்துக்கும் அமைஞ்சிருக்குது பாரு, எங்க போய் முட்டிக்கிறது" என்று ஒரே சமயத்தில் அழுதாள், சிரித்தாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம்னு சொன்னனா?" என்றார். சரி என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றைக்கு வரை அண்ணன் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஆஸ்பத்திரிக்குள் நாலு நாளாக ஒருத்தன் மேலே, ஒருத்தன் கீழே, நடுவில் பாவாயி. கதவு திறக்கிற சத்தம். ஜெபமலர் இரண்டாவது கவுனை மாட்டிக்கொண்டு, கையுறையோடு, மஞ்சள் உறை போட்ட பையைத் தூக்கி வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முதல் நாளிலிருந்து அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், முதல் நாள் அதற்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. பையைக் கம்பியில் மாட்டி, பெயரைக் கேட்டு, கைப்பட்டையில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, குழாயைப் பொருத்திவிட்டு, "தொடங்கட்டுமாப்பா?" என்றாள். அவர் விரலைத் தூக்கினார். வாயில் ஐஸ், பேச்சு சரியாக வரவில்லை. "இரும்மா. கீழ... ஊசி போட்டுக்கிறாங்களே, அதெல்லாம்... சரியாப் போயிட்டிருக்குதா?" பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை, ஐஸ் மேல் பழியைப் போட்டுக்கொண்டார்.

"உங்க தம்பியா? காலைல ஆறு மணிக்கே வந்து போட்டுட்டாவ. இன்னையோட நாலு ஊசி. அந்த ஊசி எலும்புக்குள்ள போய் வேலை செய்யும்லா, மஜ்ஜை பெருகும்போது இடுப்பெல்லாம் விண்ணுனு வலிக்கும். பாவம், உக்காரவே முடியல, நடந்துகிட்டே இருக்காவ. மாத்திரை தரட்டான்னு கேட்டா வேண்டாங்காவ. அந்த வலியோட உங்களுக்கு ஐஸும் போட்டுக் கொண்டாந்திருக்காவ பாருங்க." செங்கோடனின் நாக்கு நின்றது. "ஆரு?" என்றார். "அவியதான். உங்க வீட்டம்மாவுக்கு நேத்து சாயங்காலம் ஜலதோஷம் பிடிச்சுட்டுல்லா, தும்மலோட சமையல்கட்டுக்குள்ள விட மாட்டோம். அக்காவுக்கு முட்டு வலி, நிக்க முடியாதுன்னாவ. உங்க தம்பிதான் நேத்து ஆஸ்பத்திரி அடுப்புல நின்னு தண்ணியைக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, புதுத் தட்டுல ஊத்தி ஐஸ் பெட்டில வச்சாவ. கை கழுவுனதை நானே மூணு தடவ பாத்தேன். உங்ககிட்ட சொல்லாண்டாம்னு வேற சொன்னாவ, எதுக்குன்னு தெரியல." சொல்லிவிட்டு அவள் குழாயில் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயில் கட்டி இருந்தது. பாதி கரைந்து, ஓரம் மழுங்கி, நாக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில். கரைந்த பாதி எங்கே? தொண்டையில் இறங்கிவிட்டது. இதற்கு முன்னால் போட்ட ஆறு கட்டியும் இறங்கிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் துப்புவதற்கு ஒரு தொட்டி இருந்தது, கைக்கெட்டும் தூரம்தான். துப்பிவிட்டு வேறு கொண்டுவரச் சொல்லலாம், இந்தப் பெண் ஒன்றும் கேட்க மாட்டாள், ருசி பிடிக்கவில்லை என்று சொன்னால் போதும். யாரு மொண்டது என்று ஏன் கேட்காமல் போனேன்? இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட மறக்காதவன் இன்றைக்குக் காலையில் ஏன் மறந்தேன்? பனிக்கட்டியைத் தண்ணீர் என்று தோன்றவில்லை, அதுதான். மருந்து மாதிரிக் கொடுத்தார்கள், மருந்து மாதிரிப் போட்டுக்கொண்டார். நேற்று அந்த அடுப்பின் முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அண்ணன் தெரியாமல் குடித்ததாக இருக்கட்டும், சத்தியத்தை மீறியதாக ஆகிவிடக் கூடாது என்றுதான் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறான். ஐஸ். நாலு பாளம் ஐஸ் கொண்டுவர முடியாதா என்று சுடுகாட்டில் கேட்டதற்கு அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. கொண்டுவந்துவிட்டான், இருபத்திரண்டு வருஷம் லேட்டு, லோடு என்னவோ சரியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, சிரித்தால் கட்டி வெளியே விழுந்துவிடும் போல இருந்தது, உதட்டை இறுக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கட்டியது, அது சிரிப்பினால்தான். நாக்கால் கட்டியை மேலண்ணத்துக்குத் தள்ளி ஒட்ட வைத்தார். ஜில்லென்று மண்டைக்கு ஏறியது. விழுங்கினார். கொதித்து ஆறிய தண்ணீருக்கு ருசி என்று ஒன்றும் இல்லை, மண் வாசமும் இல்லை, குளோரின் வாசமும் இல்லை, வெறும் தண்ணீர். "போடும்மா" என்றார். "அப்பா ரெடியா?" "ரெடிதான். திறந்து விடு."

சொட்ட ஆரம்பித்தது. குழாயில் அது நிறமில்லாமல் இறங்கியது, இவ்வளவுதானா என்று இருந்தது. வலி இல்லை, சூடு இல்லை. உள்ளே இந்நேரம் ஒன்று முடிந்துகொண்டிருக்கும். எந்த எலும்பில் முதலில் போகும்? கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த இடது காலிலா? பாவம் அந்த மஜ்ஜை, அதுவும்தான் ஐம்பத்தெட்டு வருஷம் ஒழுங்காக ரத்தம் ஊறவைத்துக் கொடுத்தது, கடைசியில் தடம் புரண்டுவிட்டது, அதற்காக முன்னால் செய்ததை மறக்க முடியுமா? போய் வா என்று மனசுக்குள் சொன்னார். இனி ரத்தப் பிரிவே மாறிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இவருடையது பி, அர்த்தனாரியுடையது ஓ, கொஞ்ச நாளில் இவருக்கும் ஓ ஆகிவிடுமாம். லைசென்ஸில் பி என்று போட்டிருக்கிறதே, அதை மாற்ற வேண்டும், யாராவது கேட்டால் என்ன சொல்வது, தம்பி மாற்றிவிட்டான் என்றா? இந்த வயதுக்கு மேல் லாரி ஓட்டப்போகிறாயா என்று வீட்டுக்காரி சிந்தாமணி கேட்பாள். தும்மிக்கொண்டே கேட்பாள். அவளுக்கு ஜலதோஷம் பிடித்ததற்கும் ஒரு கும்பிடு. நேற்றுக் கோபித்துக்கொண்டார், நேரம் பார்த்துத் தும்முகிறாய் என்று போனில் திட்டினார். பாவாயியின் முட்டு வலிக்கு ஒன்று. வாயை வேக விடாமல் பார்த்துக்கொண்ட அந்தப் பேர் தெரியாத ஆளுக்கு ஒன்று. கும்பிடு போட்டுப் பழகாத கை, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் இத்தனைக்கும் நடுவில் அந்தப் பயம் எழுந்து போகவில்லை, கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஐஸ் கொடுத்தவன் ரத்தமும் கொடுப்பான் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஐஸ் கொடுத்தது கணக்கைத் தீர்த்துவிட்டுக் கிளம்புவதற்காகவும் இருக்கலாம். எந்த நிமிஷமும். பை கால்வாசி இறங்கியிருந்தது. இப்போது நிறுத்தினாலும் பிரயோசனம் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பார்க்க வருகிறவர்கள் நிற்கிற நடையில் ஒரு தோள் தெரிந்தது. அடுத்த தட்டு ஐஸை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு நேரே வராமல் சுவரோரமாகவே திரும்பிப் போகப் பார்க்கிற தோள். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அப்பாவுக்கும் அப்படித்தான். செங்கோடன் கட்டில் பக்கத்தில் இருந்த பேசுகிற கருவியை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். அந்தப் பக்கம் சுவரில் மணி அடித்தது. தோள் நின்றது. மணி விடாமல் அடித்தது. கடைசியில் ஒரு கை நீண்டு கருவியை எடுத்தது, அப்புறம்தான் முகம் வந்தது, பாதி முகக்கவசம், நரைத்த புருவம். "எத்தனை நேரம் கொதிக்க வச்ச?" என்றார் செங்கோடன், குளிர்ந்த நாக்கு குழற. "இருபது நிமிசம்னு சொன்னாங்க. அரை மணி நேரம் விட்டேன்" என்றான் அர்த்தனாரி. பிறகு, "சொல்ல வேண்டாம்னு சொன்னனே அந்தப் புள்ளகிட்ட" என்றான். "அதுக்கு வாய் நிக்காது." "துப்பிட்டியா?" "துப்பிட்டுத்தான் பேசறனா?" கன்னத்துக் கட்டியை நாக்கால் நகர்த்திக் காட்டினார். அர்த்தனாரி அதைப் பார்த்தான், மேலே தொங்குகிற பையைப் பார்த்தான். "ஏறிட்டிருக்குதா?" "கால்வாசி ஏறிருச்சு." "நான் வேண்டாம்னு சொல்லீட்டுப் போயிருவனோன்னு நெனச்சியாக்கும்." பொய் சொல்லலாம் என்று பார்த்தார், வாய் முழுக்க அவன் தண்ணீர் இருந்தது. "நெனச்சேன்" என்றார். "இப்பவும் நெனச்சுட்டுத்தான் இருக்கேன்." அர்த்தனாரி தலையை ஆட்டினான். "நானும் நெனச்சேன். முந்தாநேத்து லாட்ஜுல பையெல்லாம் எடுத்து வச்சுப் பூட்டிட்டேன். அந்தக் கல்யாணத் தட்டு நெனப்பு வந்திருச்சு." செங்கோடன் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அப்புறம்?" "அப்புறம் என்ன. ஊசிக்கு நேரமாயிருச்சு. வந்துட்டேன்." சொல்லிவிட்டு அவன் இடுப்பில் கை வைத்து, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான், புருவம் சுருங்கியது. அவன் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. "உக்காருடா" என்றார் செங்கோடன். "உக்காந்தா எந்திரிக்க முடியறதில்லண்ணா." பையிலிருந்து ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. "அப்ப நில்லு" என்றார். "இது முடியட்டும்."